மல்ஹாஸ் தின்ற மீன்

முதுகுப்பையைச் சமையலறை மேசைமேல் தலைகீழாகக் கவிழ்த்த பிறகுதான் மல்ஹாஸ் பூட்ஸையே கழற்றுவான். ஈஸ்டர் விடுமுறை முடிந்து நெதர்லாந்தின் க்ரோனிங்கனுக்குத் திரும்பிய அன்றும் அப்படித்தான். மேசைமேல் ஒரு காளான் சரம் விழுந்தது. துணியில் சுற்றிய பழப்பாகுக் கட்டி ஒன்று உருண்டது.

"ராடெக், இது உங்க அத்தை குடுத்தது. குழாய் ஒழுகுதுன்னு நீ சொல்லவே இல்லையேடா? வாஷர் மாத்திக் குடுத்துட்டு வந்தேன். ஃபிலோமினா, இது உங்கம்மா. முழங்கால் வலி அதிகமாயிடுச்சு. போன் பண்ணு. அழுவாங்க, ஆனாலும் பண்ணு."

யாருடைய வீட்டிலிருந்து வந்தாலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கதை உண்டு. யார் இளைத்துவிட்டார்கள், எந்த நாய் குட்டி போட்டது, எந்த மாமா யாரோடு பேசுவதில்லை என்று ஒன்று விடமாட்டான். ராடெக்கின் வீடு போலந்தில், ஃபிலோமினாவின் வீடு போர்ச்சுகலில். இருவரும் தங்கள் வீட்டுச் சமாச்சாரத்தை ஜார்ஜியாக்காரன் ஒருவன் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

விடுமுறை விட்டால் அந்த வீட்டில் சேர்ந்து தங்கிப் படிக்கும் மாணவர்கள் எல்லாரும் மலிவு டிக்கெட் தேடிப் பறப்பவர்கள்தான். கோபுரத்துக்கு முன்னால் ஒரு படம், பாலத்துக்கு முன்னால் ஒரு படம், குளிர்பெட்டியில் ஒட்ட ஒரு காந்த பொம்மை. மல்ஹாஸிடம் அப்படி ஒரு படம்கூடக் கிடையாது. பெட்டிக்குக் காசு கேட்பார்கள் என்று நாலு சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவான். ராடெக்கின் ஊரான கிராக்கோவுக்கு எத்தனையோ தடவை போய்விட்டான், இன்னும் கோட்டையைப் பார்த்தபாடில்லை. கேட்டால், "கோட்டை எங்கடா ஓடிடப் போகுது? அத்தைக்குத்தான் வயசாகுது" என்பான்.

இதற்கெல்லாம் காரணம் ஒரு தப்புக் கணக்கு. 'எங்க ஊர்ப் பக்கம் வந்தா வீட்டுக்கு வா' என்று யார்தான் சொல்வதில்லை? பக்கத்து வீட்டில் காப்பி குடிக்கவே நாள்காட்டியைப் புரட்டித் தேதி குறிக்கிற ஊர் க்ரோனிங்கன். அங்கே இந்த வாக்கியத்தைச் சொல்லுகிறவரும் நம்புவதில்லை, கேட்கிறவரும் நம்புவதில்லை. மல்ஹாஸ் மட்டும் நம்பினான். ஜார்ஜியாவின் குட்டாய்சியில் அவன் அம்மா வீட்டில் கூப்பிட்டவர்களும் வருவார்கள், கூப்பிடாதவர்களும் வருவார்கள், எல்லாருக்கும் இலை உண்டு என்கிற மாதிரி வளர்ந்தவன். அம்மா அனுப்பும் வாதுமைக்கொட்டைச் சரம்தான் அவன் கொண்டுபோகும் சீர். திராட்சைப் பாகில் முக்கிக் காயவைத்தது. பார்த்தால் மெழுகுவர்த்தி போலிருக்கும். ஃபிலோமினாவின் அப்பா முதல் தடவை அதைக் கையில் வாங்கித் திரியைத் தேடினாராம்.

பஸ் காசில் போய்ச் சேர முடியாத சொந்த ஊருக்குப் போக அவனிடம் காசு சேர்வதேயில்லை. அதை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. பாத்திரம் கழுவும்போது மட்டும் அவர்கள் ஊர்ப் பாட்டு ஒன்றை முனகுவான். மூன்று பேர் மூன்று குரலில் சேர்ந்து பாட வேண்டிய பாட்டு அது. அவன் அடிக்குரலை மட்டும் பாடுவான். மற்ற இரண்டு குரலும் ஊரிலேயே இருக்கின்றன. கேட்கத் தாங்காமல் மார்யா எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள்.

எஸ்தோனியாவில் வில்யாண்டி என்ற சிற்றூர்க்காரி மார்யா. அந்த வீட்டில் எல்லாருக்கும் மூத்தவள், சட்டதிட்டம் எல்லாம் அவள் கையில். மல்ஹாஸுக்கும் அவளுக்கும் ஒத்துப்போகாத விஷயம் ஒன்றே ஒன்று, மீன். காடியில் ஊறிய ஹெர்ரிங் மீன் ஜாடியை அவள் திறந்தால் போதும், அவன் ஜன்னலைத் திறந்துவிட்டுத் தட்டோடு மாடிப்படிக்குப் போய்விடுவான். சந்தைக்குப் போனால் மீன்கடை இருக்கும் தெருவை விட்டு ஊரைச் சுற்றி வருவான்.

அன்று பையிலிருந்து கடைசியாக ஒரு ஜோடி கம்பளிக் காலுறை விழுந்தது. வில்யாண்டியில் எட்டிதழ்ப் பூ போட்டுப் பின்னுகிற பின்னல். மார்யாவுக்குத் திக்கென்றது.

"எங்க வீட்டுக்கா போன?"

"நீதானே வரச் சொன்ன."

"எப்போ?"

"போன வருஷம். என் பொறந்த நாளைக்கு."

"சரி, சொல்லு."

"உங்கம்மா குடுத்தாங்க" என்றான். அவ்வளவுதான். கதை இல்லை, நாய் இல்லை, மாமா இல்லை. பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான்.

மார்யா பின்னாலேயே ஓடினாள். "அவங்ககிட்ட என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

இதை வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பாள். ஒன்றும் சொல்லாமல் மல்ஹாஸ் எந்த வீட்டிலிருந்து வந்திருக்கிறான்? அவள் போன வருடம் தேர்வில் தோற்றுப்போய் அதே வருடத்தைத் திரும்பப் படிப்பதும், பட்டத்துக்கு இன்னும் ஒரு வருடம் இருப்பதும் அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வில்யாண்டியில் மட்டும் தெரியாது. அங்கே அவள் இந்த ஜூலையில் பட்டம் வாங்கப் போகிறாள். அம்மா புதுப் பாவாடை தைத்து முடித்துவிட்டாள். அப்பா இத்தனை தூரம் ஓட்டிவரக் காருக்குப் புது டயர் போட்டாயிற்று. சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று தள்ளிப்போட்டே வசந்தம் வந்துவிட்டது.

"ஒளறிட்டு வந்துட்டான்டி, ஃபிலோமினா. மூஞ்சியிலயே எழுதியிருக்கு" என்றாள்.

அதே வாரம் இன்னொரு விவகாரம் வந்து நின்றது. மல்ஹாஸ் தங்கியிருந்த மாடியறை அவன் பெயரில் இல்லை. அறைக்குச் சொந்தக்காரன் ஸ்பெயினிலிருந்து மாதக் கடைசியில் திரும்புகிறான். கீழே ஓர் அறை காலி. ஆனால் அந்த ஊர் வழக்கப்படி, அறை கேட்டு வருகிறவர்களை வீட்டார் ஒரு மாலை கூப்பிட்டு, சூப் கொடுத்து, பேசிப் பார்த்து, கூடி முடிவெடுப்பார்கள். இந்த வீட்டில் முடிவு ஆளுக்கொரு கரண்டியால். கரண்டி நிமிர்ந்திருந்தால் சரி, கவிழ்ந்திருந்தால் வேண்டாம். ஒரு கரண்டி கவிழ்ந்தாலும் கதை முடிந்தது. படிக்க வந்த பிள்ளைகள் அறை கிடைக்காமல் ஊருக்கு வெளியே கூடாரத்தில் படுக்கிற காலம். மல்ஹாஸுக்கும் அடுத்த இடம் அதுதான்.

"இத்தனை நாள் நம்ம கூட இருந்தவன்" என்றான் ராடெக்.

"தெரிஞ்சவன்னு விட்டா அது வீடு இல்ல, சத்திரம். அவனும் வரிசையில உக்காரட்டும்." குறித்த நாள் மத்தியானமே மார்யா தன் கரண்டியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டாள். "என்னோடது இப்படியேதான் கிடக்கும்."

சூப் கொதித்துக்கொண்டிருந்தபோது வில்யாண்டியிலிருந்து போன் வந்தது. திட்டு விழப்போகிறது என்றே மார்யா எடுத்தாள்.

"காலுறை அளவு சரியா இருக்கா, கண்ணு?" என்றாள் அம்மா. குரலில் கோபமே இல்லை. "உன் சிநேகிதன் தங்கமான பையன்டி. ஆனா ஊமை மாதிரி இருக்கானே!"

"யாரு, மல்ஹாஸா?"

"வாயே தெறக்கல. மீன்னா அவ்வளவு ஆசை போல. மார்யா எப்படிப் படிக்கிறா, ஜூலைல எந்தத் தேதின்னு நானும் அப்பாவும் மாத்தி மாத்திக் கேக்கறோம், அவன் தலையைக் குனிஞ்சு ஹெர்ரிங்க எடுத்து எடுத்து வாயில போட்டுக்கறான். ஒரு ஜாடி காலி. கண்ணுல தண்ணியே வந்துடுச்சு பாவம், வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு எத்தனை நாளாச்சோ!"

மார்யா போனை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். மேல்கோட்டுகூட மாட்டாமல் சந்தைக்கு ஓடினாள்.

மாலையில் அறை கேட்டு மூவர் வந்து உட்கார்ந்தார்கள். உயரமான ஒரு டேனிஷ் பையன், கேக்கோடு வந்த ஒரு கிரேக்கப் பெண், மேல்மாடியிலிருந்து இறங்கி வந்த மல்ஹாஸ். சொந்த வீட்டிலேயே விருந்தாளி போலத் தலை வாரி, நாலு சட்டையில் நல்லதைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். கவிழ்ந்து கிடந்த கரண்டியைப் பார்த்தான். அது யாருடையது என்று அவன் கேட்கவில்லை.

மார்யா ஒரு தட்டைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். காடியில் ஊறிய ஹெர்ரிங், வெங்காயத்தோடு. அவன் கை தன்னையறியாமல் ஜன்னல் பக்கம் போய்த் திரும்பியது.

"ஒரே கேள்வி" என்றாள் அவள், அம்மாவின் குரலில். "மார்யா இந்த ஜூலைல படிப்ப முடிச்சிடுவாளா?"

மல்ஹாஸ் ராடெக்கைப் பார்த்தான், வெளியாட்கள் இரண்டு பேரையும் பார்த்தான், தட்டைப் பார்த்தான். பிறகு ஒரு துண்டை எடுத்து, கண்ணை இறுக மூடி, வாயில் போட்டுக்கொண்டான்.

"நாங்களும் சாப்பிடணுமா?" என்று கிரேக்கப் பெண் பயந்துபோய்க் கேட்டாள்.

ஃபிலோமினா வாயைப் பொத்திக்கொண்டாள். மல்ஹாஸ் மென்றான், விழுங்கினான், கண்ணில் நீர் கோத்தது. மார்யா இன்னும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, கேள்வி முடியவில்லை போலும் என்று அடுத்த துண்டுக்குக் கையை நீட்டினான்.

"போதும்டா" என்றாள் மார்யா. "இனிமே வீட்டுக்கு நானே சொல்லிக்கறேன்."

தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மத்தியானத்திலிருந்து கவிழ்ந்து கிடந்த கரண்டியை எடுத்து, சட்டை ஓரத்தில் துடைத்து, நிமிர்த்தி வைத்தாள்.