மாற்றல் கேட்ட கணினி ஆசிரியர்

மலேசியாவில் ரெம்பாவ் பக்கம் நான் படித்த இடைநிலைப் பள்ளியில் கணினி அறைக்குப் பொறுப்பாக இருந்த ஆசிரியர் ஒல்லியானவர். சட்டையில் கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். மாணவர்கள் தொட்ட மௌசைக் கைக்குட்டையால் துடைக்காமல் தொடமாட்டார்.

விளையாட்டு, சினிமா, பாட்டு என்று நாங்கள் விரும்பிய இணையத்தளங்களை எல்லாம் அவர் தடுத்து வைத்திருந்தார். எங்கள் தோட்டத்து வீடுகளில் இணைய லைன் சரியாகக் கிடைக்காது. கொரிய நாடகம் பார்ப்பதென்றால் பள்ளிக் கணினியில்தான் பார்க்க வேண்டும். என் தோழி கவிதா எப்படியோ ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடித்திருந்தாள்.

ஒருநாள் அவர் வாடிய முகத்தோடு எங்களிடம் வந்தார்.

“என் வைஃப் ஜொகூர்ல இருக்காங்கம்மா. டிரான்ஸ்பர் கேக்க இன்னிக்குத்தான் கடைசி நாளு. நான் போட்ட பிளாக்ல அந்த வெப்சைட்டும் மாட்டிக்கிச்சு. எனக்கே தொறக்கத் தெரியல. உங்களுக்கு ஏதாச்சும் வழி தெரியுமா?”

எங்களுக்கு மனசு கேட்கவில்லை. கவிதா உட்கார்ந்து திறந்து கொடுத்தாள். அவர் பின்னால் நின்று கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அந்தக் குறுக்குவழியும் அடைபட்டிருந்தது.

“சார், நாங்கதானே லா உங்களுக்குத் தொறந்து குடுத்தோம்” என்றாள் கவிதா.

“ஆமாம்மா. அதனாலதானே எனக்குத் தெரிஞ்சுது” என்றார் அவர், கோபமே இல்லாமல்.

நாங்கள் பள்ளியை முடிக்கும்வரை அவர் அங்கேயேதான் இருந்தார். கேட்ட மாற்றல் கிடைக்கவில்லையா, அல்லது அவர் கேட்கவே இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஜொகூரில் அப்படி ஒரு மனைவி இருந்தாரா என்பதும்தான்.