நடுவே ஏதாவது நினைவிருக்கிறதா?

மயக்க டாக்டரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. அறுவை செய்தவருக்குக் கல்யாணப் பத்திரிகை வரும், பொங்கலுக்குக் கரும்பு வரும், இலஞ்சித் தோப்பிலிருந்து இளநீர்க் குலை வரும். நமக்கு ஒன்றும் வராது. தென்காசியில் இருபது வருஷத்துக்கு மேலாக ஆட்களைத் தூங்க வைத்து எழுப்பி விட்டுக்கொண்டிருக்கிறேன். பஜாரில் எதிரே வந்தால் இந்த டாக்டரம்மாவை ஒருத்தருக்கும் தெரியாது. அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு, அதை மறைப்பானேன். ஒரே ஒருத்தி மட்டும் என்னை ஞாபகம் வைத்திருந்தாள். அதுவும் முகத்தை வைத்து இல்லை, குரலை வைத்து.

அப்போது நான் ஒரு ஆராய்ச்சியில் இறங்கியிருந்தேன். தென்காசியில் உட்கார்ந்துகொண்டு என்ன ஆராய்ச்சி, குற்றாலத்து மெயினருவியில் எத்தனை வாளி தண்ணீர் விழுகிறது என்றா என்று கூடப் படித்தவர்கள் கேலி செய்தார்கள். விஷயம் எளிதுதான். அடிபட்டு ரத்தம் கொட்டிய நிலையில் வருகிறவர்களுக்கு முழு மயக்கம் கொடுக்க முடியாது. கொடுத்தால் இருக்கிற துடிப்பும் நின்றுவிடும். அதனால் தூங்க வைக்கிற மருந்தைப் பாதிக்கும் குறைவாகக் கொடுப்போம். உடம்பு அசையாமல் இருக்க இன்னொரு மருந்தைச் சேர்ப்போம். ஆள் கை காலை ஆட்ட மாட்டார், கண் திறக்க மாட்டார், வாய் திறக்க மாட்டார். உள்ளே தூங்குகிறாரா என்று கேட்டால் எங்களால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது.

அப்படிப்பட்டவர்களுக்கு நடுவில் நடந்தது ஏதாவது மனசில் நிற்கிறதா என்று கேட்டு எழுதுவதுதான் என் வேலை. மூன்று தடவை கேட்க வேண்டும்: மறுநாள், மூன்றாம் நாள், ஒரு மாதம் கழித்து. கேள்விகளும் மூன்றே. தூங்கும் முன் கடைசியாக என்ன நினைவிருக்கிறது? விழித்ததும் முதலில் என்ன? இரண்டுக்கும் நடுவே ஏதாவது நினைவிருக்கிறதா? பலரும் ஒன்றுமில்லை என்பார்கள். ஒரு பெரியவர் மட்டும் ஐந்தருவி சத்தம் கேட்டது என்றார். பக்கத்தில் திறந்துவிட்ட ஆக்சிஜனாக இருக்கும் என்று எழுதிக்கொண்டேன்.

அது சீசன் சமயம். காலையிலிருந்தே சாரல். பண்பொழிப் பக்கத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பைக்கில் இரண்டு கூடை மங்குஸ்தானைக் கட்டிக்கொண்டு குற்றாலத்தில் இருக்கும் தங்கள் பழக்கடைக்கு வந்திருக்கிறார்கள். வளைவில் ஒரு சுற்றுலா வேன் வழுக்கி வந்து இடித்துவிட்டது. இருவரையும் ஒரே ஆம்புலன்சில் கொண்டுவந்தார்கள். நான் முதலில் அந்த ஆளிடம்தான் போனேன். சட்டையெல்லாம் ஊதாக் கறை. ரத்தம் என்று நினைத்துத் தடவிப் பார்த்தால் பழத்தோல் கறை. கழுத்தில் விரல் வைத்தேன், இமையைத் தூக்கி டார்ச் அடித்தேன். முடிந்திருந்தது. அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது, பெண்டாட்டியிடம் திரும்பிவிட்டேன். அவளுக்கு உயிர் இருந்தது. வயிற்றுக்குள் மண்ணீரல் கிழிந்து ரத்தம் நிறைந்துகொண்டிருந்தது. நாற்பது வயசு இருக்கும்.

தியேட்டருக்குள் கொண்டுபோய் கொஞ்சமே கொஞ்சம் மருந்து கொடுத்துத் தூங்க வைத்தேன். ரத்தம் ஏற்ற கழுத்தில் பெரிய ஊசி போட வேண்டும். தாலிக் கயிறு குறுக்கே கிடந்தது. எங்கள் ஊரில் எவ்வளவு அவசரத்திலும் தாலியைக் கழற்ற மாட்டோம். ஒரு பக்கமாக ஒதுக்கி, பிளாஸ்டர் போட்டு ஒட்டி வைப்பதுதான் வழக்கம். என்னோடு பத்து வருஷமாக வேலை பார்க்கும் நர்ஸ் அதற்குத்தான் பிளாஸ்டரைத் தேடிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏட்டி, புருசனே போயிட்டான். இனி தாலி என்னத்துக்கு? கத்திரிய எடுத்து வெட்டு."

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு வெட்டினாள். ஊசி போட்டேன், ரத்தம் ஏறியது, மண்ணீரலை எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டாள். அன்று நான் நல்ல வேலை செய்தேன். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

வெளியே வந்தபோது அவளுடைய தம்பி நின்றிருந்தார், செங்கோட்டையில் ஆட்டோ ஓட்டுகிறவர். அக்காளிடம் சாவுச் செய்தியைச் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கேட்டால் தாங்க மாட்டாள், அழுது தையல் பிரிந்துவிடும், தேறி வீட்டுக்கு வரட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறோம் என்றார். இது எங்கள் பக்கத்தில் எல்லாக் குடும்பமும் கேட்பதுதான். நாங்களும் சரி என்போம். மாமா திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இருக்கிறார், காலில் மட்டும் அடி என்று சொல்லச் சொன்னார். வெட்டின தாலியை நர்ஸ் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். காலேஜில் படிக்கிற மகள் ஐ.சி.யு.வுக்குள் போய், அம்மா விழிக்கும் முன் அதைக் கழுத்தில் திரும்பக் கட்டிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலையில் குழாயை எடுத்தாயிற்று. அவளுக்குப் பேச்சு வந்தது. முதல் தடவை கேள்வி கேட்க வேண்டிய நாள் அது. கேள்விகள் அச்சடித்த பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். பேச்சுக் கொடுத்தால் புருஷனைப் பற்றிக் கேட்பாளே என்று எனக்குப் பயமாக இருந்தது. தம்பி வேறு, இன்றைக்கு ஒன்றும் கேட்காதீர்கள் என்று கெஞ்சினார். உள்ளே போய் நாடி பார்த்தேன். அவள் என்னையே பார்த்தாள். அவள் கேட்கும் முன் நானே, உங்க வீட்டுக்காரருக்குக் கால்லதான் அடி, திருநெல்வேலியில நல்லா இருக்காரு என்று ஒப்பித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நிம்மதியில் மூடினாள் என்று நினைத்தேன். அவ்வளவு புத்திசாலி நான்.

பாரத்தில் 'பதில் சொல்லும் நிலையில் நோயாளி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த நேரத்தில் அவள் புருஷன் உடம்பு எங்கள் கட்டிடத்துக்குப் பின்னால், நூறடி தூரத்தில் பிணவறையில் இருந்தது. மத்தியானம் பிரேதப் பரிசோதனை முடிந்து கொடுத்தார்கள். பொழுது சாயும் முன் எரித்துவிட்டார்கள்.

அன்றும் அதற்கு அடுத்த நாளும் மகள் மல்லிகைப்பூ வாங்கி வந்து அம்மாவுக்குத் தலை சீவி வைத்துவிட்டாள், குங்குமம் வைத்தாள். சந்தேகம் வந்துவிடக் கூடாதல்லவா. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே செய்ததை நான் பார்த்தேன். அம்மாக்காரி கையைப் பிடரிக்குக் கொண்டுபோய் எதையோ தடவிக்கொண்டே இருந்தாள். கழுத்து வலி என்று மாத்திரை எழுதிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் தள்ளிப்போட வழியில்லாமல் உட்கார்ந்தேன். மகள் கேன்டீனுக்குப் போயிருந்தாள். கடைசியாக என்ன நினைவு என்றேன். கூடை சரிந்தது என்றாள். விழித்ததும் முதலில்? தொண்டையில் குழாய். நடுவே ஏதாவது? அதற்கு அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"தாலிய வெட்டச் சொன்னீங்களே. அது கேட்டுச்சு."

பேனாவை வைத்துவிட்டேன். அவள் அழவில்லை. வலி பெரிதாகத் தெரியவில்லையாம், பாரமாக இருந்ததாம், கண்ணைத் திறக்கப் பார்த்தாளாம், முடியவில்லையாம். கத்திரி சத்தம் காதோரத்தில் கேட்டதாம். மறுநாள் நான் வாய் திறந்ததுமே அதே குரல் என்று தெரிந்துவிட்டதாம். விழித்ததும் பிடரியைத் தடவிப் பார்த்திருக்கிறாள். கயிறு மாற்றும்போது அவள் போட்ட முடிச்சு அங்கே இல்லை. ஷூ லேசுக்குப் போடுகிற முடிச்சு இருந்தது. மகளுக்கு அந்த முடிச்சு மட்டும்தான் தெரியும். அதை வைத்து, கட்டிவிட்டது யார் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

மன்னித்துவிடுங்கள் என்றேன். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கவே கூடாது என்றேன். அவள் கையை ஆட்டி மறுத்தாள்.

"அதுல எனக்குக் கோவம் இல்ல. நெசத்தச் சொன்னது நீங்க ஒராளுதான். மறுநா நீங்க வந்து கேள்வி கேப்பீங்கன்னு நர்சம்மா சொல்லிச்சு. நீங்க கேட்டா, எனக்குத் தெரியும், அவிய மொகத்த ஒருக்கக் காட்டுங்கன்னு சொல்லிரலாம்னு வாசலையே பாத்துக்கிட்டு கெடந்தேன். வந்தீங்க. நீங்களும் கால்லதான் அடின்னுட்டீங்க."

நீங்களாகவே சொல்லியிருக்கலாமே என்று என் வாயில் வந்தது, வெட்கமில்லாமல் கேட்டும்விட்டேன். மகள் பூ வாங்கிக்கொண்டு வந்து சிரிக்கிறாள். எனக்குத் தெரியும் என்று நானே போட்டு உடைத்தால், இவ்வளவு பாடுபட்டு மறைக்கிற பிள்ளை எங்கே போய் அழுவாள் என்றாள். டாக்டர் கேட்டுப் பதில் சொன்னால் அது வேறு. யார் மேலும் பழி வராது. தம்பியும் மகளும் நடித்தது வீணாகவும் போகாது. அதற்காகத்தான் காத்திருந்தாளாம். என் பாரத்தில் இருந்த ஒரு கேள்வியை நம்பி ஒருத்தி கிடந்திருக்கிறாள். நான் அதைக் கேட்கவில்லை.

மேசைக்கு வந்து முதல் தடவைக்கான கட்டத்தில் எழுதியிருந்ததை அடித்தேன். 'நான் கேட்கவில்லை' என்று எழுதினேன். ஆராய்ச்சிக் கட்டுரையில் அப்படி ஒரு வரிக்கு இடம் கிடையாது. கட்டுரையைச் சரிபார்த்தவர்கள் அந்தப் பாரத்தைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று பிறகு திருப்பி அனுப்பினார்கள். இப்போதும் என் இழுப்பறையில் இருக்கிறது. இன்று தியேட்டரில் யாரைப் படுக்க வைத்தாலும், விழித்திருக்கிறவரிடம் பேசுவதைப் போலத்தான் பேசுகிறேன். டாக்டரம்மாவுக்கு வயசாகிவிட்டது, தனக்குத்தானே பேசுகிறார் என்று சின்ன நர்சுகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஒரு மாதம் கழித்துத் தையல் தழும்பைக் காட்ட அவளே வந்தாள். கழுத்தில் ஒன்றுமில்லை, நெற்றி வெறுமனே இருந்தது. மகளும் தானும் சேர்ந்தே அழுது முடித்ததாகச் சொன்னாள். கடையைத் திறந்துவிட்டாளாம். எனக்கு ஒரு பை மங்குஸ்தான் கொண்டுவந்திருந்தாள். இத்தனை வருஷத்தில் எனக்கென்று வந்தது அது ஒன்றுதான். மூன்றாம் தடவையாக அதே கேள்விகளைக் கேட்டேன், அதே பதிலைச் சொன்னாள். பாரத்தை மடித்தபோது, நான் ஒன்று கேட்கட்டுமா என்றாள்.

"அவிய மொகம் எப்படி இருந்துச்சு? அடி எதுவும் பட்டுருந்துச்சா? தூங்குத மாதிரி இருந்தாவன்னு எல்லாரும் சொல்லுதாவ. அது எனக்காவச் சொல்லுதது. நீங்கதான் இமையத் தூக்கிப் பாத்தீங்களாம்லா. நீங்க சொல்லுங்க."

சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். நினைவில் சட்டை வந்தது. ஊதாக் கறை வந்தது. டார்ச் வெளிச்சத்தில் விரிந்து கிடந்த கண்மணி வந்தது. நனைந்த காலர் பட்டன் ஒன்று தொங்கியதுகூட வந்தது. முகம் வரவில்லை. அவ்வளவு பக்கத்தில் குனிந்திருந்தேன், என்னால் அந்த முகத்தை எடுக்க முடியவில்லை. தூங்குகிற மாதிரிதான் இருந்தார் என்று சொல்லிவிட எவ்வளவு நேரமாகும்? அவளிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. எனக்கு நினைவில்லை அம்மா என்றேன்.

அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நீங்க முழிச்சுக்கிட்டுதானே இருந்தீங்க?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.