சீனி வருத்த வான்

ஞானம்பிகைக்கு வாயில்லை எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம். பெர்மெஸ்ஸோ எண்ட வதிவிட அனுமதிக்காகக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வாசலிலை பேந்தப் பேந்த முழிச்சுக்கொண்டு நிண்ட எங்கடை சனத்துக்கெல்லாம் அவதான் வாய். ஒரேத்தோத் தெருவிலை ஒரு சிஞ்ஞோறா அம்மா வீட்டிலை நிலம் துடைச்சுத் துடைச்சே இத்தாலியன் படிச்ச மனிசி. பொலிசோடையும் சண்டை பிடிப்பா, வீட்டுக்காரனோடையும் சண்டை பிடிப்பா. அப்பிடிப்பட்ட வாய், கேவலம் ஒரு சொல்லிலை போய் ஒட்டிக்கொண்டுது பாருங்கோ.

தொண்ணூற்றாறிலை அரசாங்கம் ஒரு திட்டத்துக்குக் காசு ஒதுக்கிச்சுது. ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டியும் பாராத வெளிநாட்டுச் சனம் இருக்கிற ஒதுக்குப்புறங்களுக்கு, பிரான்காச்சோ, ஸ்ஃபெர்ராகவால்லோ எண்டு, ஒரு வான் வண்டி போகும். உள்ளுக்கை டொக்டர் கியாரா இருப்பா. உடலுறவாலை தொத்துற நோய் இருக்கோ எண்டு இரத்தம் சோதிச்சு, இலவசமா மருந்து குடுப்பா. தமிழிலை விளங்கப்படுத்த ஞானம்பிகையை எடுத்தினம்.

முதல் நாள் பிரான்காச்சோ மாடிவீடுகளுக்குக் கீழை வான் நிண்டுது. பொம்பிளையள் சுத்தி வந்து, "என்னக்கா, என்ன வருத்தத்துக்குச் சோதிக்கினம்?" எண்டு கேட்டினம். மேகநோய் எண்டு சொல்லத்தான் வாயைத் திறந்தா. எல்லாம் கோயிலிலை பக்கத்திலை இருந்து தேவாரம் பாடுற முகங்கள். பின்னுக்கு அவையின்ரை புருசன்மார் வேறை நிக்கினம். "சீனி வருத்தத்துக்கு" எண்டுட்டா. பாவம், வேறை என்னத்தைச் சொல்லுறது எண்டு நீங்கள் கேப்பியள். உண்மையைச் சொல்லியிருக்கலாமே!

சீனி எண்டதும் சனம் அள்ளுப்பட்டு வந்தது. கணக்குப் பார்க்க வந்த அதிகாரிக்கு ஒரே ஆச்சரியம். மற்ற இடங்களிலை ஈ காக்கை கூட வாறேல்லை, இஞ்சை மட்டும் இப்பிடி வரிசையோ எண்டு, அடுத்த வருசமும் காசு தருவிக்கிறன் எண்டு சொல்லி ஞானம்பிகையின்ரை கையைப் பிடிச்சுக் குலுக்கினார். அவவுக்கு வெக்கத்திலை உடம்பு கூசிச்சுது. ஆனாலும் சிரிச்சுக்கொண்டுதான் நிண்டா.

பிறகுதான் கேசிகாவின்ரை இரத்தத்திலை நோய் இருக்கெண்டு வந்தது. ஊரிலையிருந்து வந்து கலியாணம் முடிச்சு ஒரு வருசமும் ஆகாத பெட்டை, வயித்திலை பிள்ளை. கியாரா ஆறுதலாச் சொன்னா: "இது சிபிலிஸ். ஊசி போட்டால் மாறும். ஆனால் புருசனும் கட்டாயம் வந்து போடவேணும். அதுவரைக்கும் ரெண்டுபேரும் சேரக்கூடாது. இல்லாட்டித் திரும்பத் தொத்தும், பிள்ளைக்கும் போகும்."

கேசிகா ஞானம்பிகையின்ரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னவாம் அக்கா?"

"சீனி கொஞ்சம் கூடவாம் பிள்ளை. ஊசி போட்டாச் சரி. இனிப்பைக் குறை."

புருசனைப் பற்றியும் சொன்னீங்களோ எண்டு கியாரா கேட்டா. "சி, சி" எண்டா ஞானம்பிகை. இத்தாலியனிலை அது 'ஓம்'. தமிழிலை அது என்னெண்டு உங்களுக்குத் தெரியும்.

கொஞ்ச நாளாலை கேசிகாவின்ரை புருசன் லக்சனைக் கோயிலிலை கண்டா. "இவள் தனிய வாயைக் கட்டுறாள் பாவம் எண்டு நானும் தேத்தண்ணிக்குச் சீனி போடுறேல்லை அக்கா" எண்டு பெருமையாச் சொன்னான். அண்டையிலையிருந்து ஞானம்பிகை உண்மையைச் சொல்லுவம், சொல்லுவம் எண்டு நாளைக் கடத்தினா. தம்பி முறையான பெடியனிட்டை இதை என்னெண்டு கதைக்கிறது?

ஊசி போட்டுக் குறைஞ்ச நோய் அடுத்த சோதனையிலை திரும்பவும் ஏறிக் கிடந்தது. "புருசன் வரவேயில்லையே?" எண்டா கியாரா. ஞானம்பிகை வானாலை இறங்கி, மாடிப்படி ஏறிப் போய் கேசிகா வீட்டுக் கதவைத் தட்டினா. ரெண்டுபேரையும் வைச்சுக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி அவ்வளவையும் சொன்னா. தான் புளுகினதையும் சொன்னா.

லக்சன்தான் முதல் கதைச்சான். "ஊரிலையிருந்து இஞ்சை வாற வழியிலை, மொஸ்கோவிலை, ஒரு பிழை விட்டனான் அக்கா. புண் வந்து தானா மாறிட்டுது. அதோடை சரியெண்டு இருந்திட்டன். ஆராவது ஒருக்காக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

கேசிகா அவனைத் திரும்பியும் பார்க்கேல்லை. "அவருக்கும் வெக்கம், உங்களுக்கும் வெக்கம். என்ரை பிள்ளையை ஒருத்தரும் நினைக்கேல்லை, என்னக்கா?"

ஞானம்பிகைக்கு அந்த இடத்திலையே செத்துப்போகலாம் போலை இருந்தது.

மூண்டுபேருமா வானுக்கு வந்தினம். ஊசி போட்டு முடிய, கேசிகா வயித்தைத் தொட்டுக் காட்டி, "பம்பினோ?", பிள்ளைக்கு என்ன மாதிரி எண்டு, தானே இத்தாலியனிலை கேட்டாள். கியாரா நெடுக விளக்கினா. அவளுக்கு ஒரு சொல்லும் பிடிபடேல்லை. வேறை வழியில்லாமல் ஞானம்பிகை பக்கம் திரும்பினாள். "முழுக்கச் சொல்லுங்கோ. ஒண்டையும் விழுங்காதேங்கோ."

ஞானம்பிகை சொன்னா. பிள்ளைக்குப் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். பிறந்தாப் பிறகுதான் வடிவாத் தெரியும். கண், காது, எலும்பு எல்லாம் பார்க்கவேணுமாம். ஒண்டும் விடாமல் சொன்னா. கடைசியா கியாரா ஒரு கேள்வி கேட்டா. அதையும் சொல்லத்தானே வேணும்.

"இவ்வளவு நாளும் ஏன் புருசனைக் கூட்டிக்கொண்டு வரேல்லை எண்டு கேக்கிறா."

கேசிகா சட்டைக் கையை இறக்கி விட்டாள்.

"அதுக்கு நீங்களே மறுமொழி சொல்லுங்கோ."

டொக்டர் பேனையை மேசையிலை வைச்சிட்டு ஞானம்பிகையைப் பார்த்தா.