லுவீனியாவின் தடித்த கம்பிகள்

லுவீனியா டப்ஸும் நானும் கிரீன்வுட் ஊரில் ஒரே சலவைக்கூடத்தில் வேலை பார்த்தோம். ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை அவள் சூடான இரும்பு உருளைகளுக்குள் விடுவாள். மறுபக்கம் வருவதை நான் மடித்து அடுக்குவேன். சனிக்கிழமை மதியம் வேலை முடிந்தால் அவள் கையில் கிதார் இருக்கும். அவளுடைய அக்காள் புருஷன் ஹோசியாவும் அவளும் சேர்ந்து வாசிக்காத விருந்து எங்கள் பக்கத்தில் கிடையாது.

ஒரு ஜூன் மாதம் உருளை அவள் இடது கையை விரிப்போடு சேர்த்து இழுத்துக்கொண்டது. இயந்திரத்தை நிறுத்திக் கையை எடுப்பதற்குள் நடுவிரலும் மோதிர விரலும் வெந்துவிட்டன. புண் ஆறிய பிறகும் அவை மடங்கவில்லை. குச்சிபோல் விறைத்து நின்றன. இந்தக் கையை வைத்துக்கொண்டு விரிப்பு மடிக்கக்கூட முடியாது என்று சொல்லி மேற்பார்வையாளர் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்.

"உருளைக்கு முன்னாடி ஒரு தடுப்புக் கம்பி போடுங்கன்னு எத்தன வாட்டி கேட்டேன். போடல. இப்ப நான் ஆகாதவளா?" என்று லுவீனியா அவர் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

வெள்ளைக்காரரிடம் கறுப்புப் பெண்களான எங்களில் ஒருத்தி அப்படிப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். அவள் குனியாமல் வாசல் வழியாக நடந்து போனாள்.

ஹோசியா அவளுடைய இடத்தில் வேறொரு ஆளைச் சேர்த்துக்கொண்டான். பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்க விரல்களால் அழுத்தும் பிடி ஒன்றுகூட அவளால் இனி பிடிக்க முடியாது என்பது அவனுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து தாளத்துக்குக் கை தட்டச் சொன்னான். அவள் வீட்டுக்கு வந்து கிதாரின் முறுக்காணிகளைத் திருப்ப ஆரம்பித்தாள்.

ஆறு கம்பிகளில் மூன்றைக் கொஞ்சம் தளர்த்தினால், எங்கும் அழுத்தாமல் சும்மா மீட்டினாலே முழுப் பிடியும் ஒலிக்கும். எங்கள் ஆட்கள் அதை ஸ்பானிஷ் சுருதி என்பார்கள். மருந்து பாட்டில் ஒன்றின் கழுத்தை உடைத்து, விளிம்பைக் கல்லில் உரசி மழுக்கி, நன்றாக இருந்த சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டாள். அந்தக் கண்ணாடியைக் கம்பிமேல் வழுக்கவிட்டால் பிடிக்கு விரல்களே வேண்டாம். ஆனால் அவளிடம் இருந்தவை மெல்லிய கம்பிகள். தளர்ந்த மெல்லிய கம்பி கண்ணாடியின் பாரம் தாங்காமல் கீழே உள்ள மெட்டுகளில் இடித்துக் கடகடத்தது. பாட்டு வரவேண்டிய இடத்தில் தகர டப்பா சத்தம் வந்தது. மாட்டெலும்புத் துண்டு ஒன்றைக் கழுத்துப் பக்கம் கம்பிகளுக்கு அடியில் செருகித் தூக்கிப் பார்த்தாள். அதுவும் போதவில்லை.

பிறகு நானும் அவளும் சீனர் பாங் வைத்திருந்த மளிகைக்கடைக்குப் போனோம். இருப்பதிலேயே தடித்த கம்பிகள் வேண்டும் என்றாள்.

"அது ஆம்பளைங்க வாங்கறதும்மா. விரல் கிழிஞ்சிரும்."

"கிழியறதுக்கு என் விரல்ல என்ன மிச்சமிருக்கு? எடுங்க."

தடித்த கம்பி தளர்ந்தாலும் தொய்யவில்லை. முதல் தடவை அந்தக் கண்ணாடியை அவள் மேலிருந்து கீழே இழுத்தபோது, யாரோ தொண்டை அடைத்து அழுவதுபோல் இருந்தது. 

ஆகஸ்டில் யாஸூ ஆற்றங்கரையில் விருந்து. கெளுத்தி மீன் பொரிந்துகொண்டிருந்தது. பலகை மேடையில் ஹோசியாவும் புது ஆளும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். லுவீனியா கிதாரோடு வந்ததும் ஹோசியா வாசிப்பை நிறுத்திவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்க சுருதிக்கு வந்தா இங்க உக்காரு லூவி. இல்லன்னா மீன் பொரிக்கப் போ" என்றான்.

அவர்கள் வாசித்தது அவளைவிட உயரமான சுருதி. சேர வேண்டுமானால் ஆறு கம்பிகளையும் ஏற்றியாக வேண்டும். அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக முறுக்கினாள். மூன்றாவது கம்பி படீரென்று அறுந்து அவள் கன்னத்தைக் கீறியது. கூட்டம் சிரித்தது.

"இது கிதார் கம்பி இல்ல, கோழிக்கூட்டுக் கம்பி" என்றான் ஹோசியா.

அவள் புறங்கையால் ரத்தத்தைத் துடைத்தாள். "உனக்காக முறுக்கினேன் பாரு, அதான் தப்பு மச்சான். இனிமே எவனுக்காகவும் முறுக்க மாட்டேன்."

மேடையை விட்டு இறங்கி எதிரே இருந்த மரத்தடியில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். மிஞ்சிய ஐந்து கம்பிகளையும் பழைய இடத்துக்குத் தளர்த்தினாள். அது போதாதென்று இன்னும் கீழே இறக்கினாள். பிறகு பாடினாள்:

உருளை என் விரலைத் தின்னுச்சு, துரை என் வேலையைத் தின்னாரு,
ஆமா, உருளை என் விரலைத் தின்னுச்சு, துரை என் வேலையைத் தின்னாரு,
என் குரலையும் தின்னு பாருங்க, தொண்டையில முள்ளா நிப்பேன்.

அவள் பாடி நிறுத்தும் இடத்தில் கண்ணாடி அதே வரியைத் திருப்பிப் பாடியது. சலவைக்கூடத்துப் பெண்கள்தான் முதலில் எழுந்து போனோம். எங்கள் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். புழுதி கிளம்ப ஆடினோம். ஹோசியா கொஞ்ச நேரம் தன் பாட்டை உரக்க வாசித்துப் பார்த்தான். மேடைக்கு முன்னால் ஆள் இல்லை. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு தன் கம்பிகளைத் தளர்த்த ஆரம்பித்தான். அவள் சுருதியைப் பிடிக்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. அவள் அவனுக்காக நிறுத்தவில்லை.

திங்கட்கிழமை காலை மேற்பார்வையாளர் எங்களை வரிசையாக நிறுத்தினார். எவனோ போய்ச் சொல்லிவிட்டிருந்தான். ஆற்றங்கரையில் அந்தப் பாட்டைப் பாடியது யார் என்று கேட்டார்.  நான், "எல்லாருந்தான் பாடினோம் சார்" என்றேன். பக்கத்தில் நின்றவள், "ஆமா சார், எல்லாருந்தான்" என்றாள். வரிசை முழுக்க அதையே சொல்லிக்கொண்டு போனது. அவர் உருளைகளையும், மலைபோல் குவிந்து கிடந்த அழுக்கு விரிப்புகளையும் பார்த்தார். அத்தனை பேரையும் அனுப்பிவிட்டு யாரை வைத்து வேலை வாங்குவார்? வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தடுப்புக் கம்பி அப்போதும் போடவில்லை. அன்று முழுக்க உருளைகளின் இரைச்சலுக்குள் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே மடித்தோம்.

லுவீனியா மறுபடி எந்தச் சலவைக்கூடத்திலும் கால் வைக்கவில்லை. கிதாரே அவளுக்குச் சோறு போட்டது. ஹெலினா என்ற ஊரில் ஒரு மதுக்கூடக்காரர், வெள்ளைக்காரர்கள் காதில் விழுந்தால் வம்பு, துரை வருகிற பாட்டை மட்டும் விட்டுவிடு என்று கெஞ்சினார். அவள் அதையே முதல் பாட்டாகப் பாடினாள். அடுத்த வாரமும் அவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். கூட்டம் வாசலைத் தாண்டித் தெருவில் நின்றிருந்தது.