கடைசிப் பக்கத்து அபிப்பிராயங்கள்

நூலகத்தில் வேலை பார்ப்பவனுக்குப் பேனாவைவிட ரப்பர்தான் ஜாஸ்தி தேவைப்படும். என்னைப் போலவே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, மற்றவர்கள் படித்ததைத் திருப்பி வாங்கி அடுக்கியே வயசானவர்கள் யாராவது இதைப் படித்தால் இங்கே ஒரு பெருமூச்சு விடுவார்கள். விடுங்கள், நானும் கூட விடுகிறேன்.

எழுதாதே என்றால்

எழுபதுகளில் எங்கள் கிளை நூலகம் திருவண்ணாமலையில் தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி அறையில் இருந்தது. கீழே பாத்திரக் கடை. ‘அமைதி காக்கவும்’ என்று நான் எழுதி மாட்டிய பலகைக்குக் கீழே நாளெல்லாம் பித்தளைக் குடம் உருளும். குழந்தைகளுக்கென்று ஒரே ஒரு அலமாரி. பள்ளிக்கூடம் விட்டதும் படியில் தடதடவென்று ஏறி வந்து அதை மொய்த்துக்கொள்வார்கள்.

புத்தகத்தில் எழுதக் கூடாது என்பது விதி. பிள்ளைகள் அதை மதித்து, கதைக்குள் எழுதமாட்டார்கள். கடைசியில் காலியாக இருக்கும் பக்கத்தில் பென்சிலால் எழுதுவார்கள். கதை எப்படி, எந்த இடத்தில் கொட்டாவி வரும், தங்கச்சிக்குக் கொடுக்கலாமா, எல்லாம் அங்கே இருக்கும். அடுத்து எடுக்கிறவர்கள் அட்டையைக்கூடப் பார்க்காமல் நேராகக் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுவார்கள்.

ஒரு பேய்க் கதையின் கடைசியில், “பேய் அறுபதாம் பக்கத்தில்தான் வருது. அதுவரைக்கும் சாப்பிட்டுக்கிட்டே இருக்காங்க” என்று ஒரு கையெழுத்து. அதற்குக் கீழே, “சாப்பாடுதான் நல்லா இருக்கு, பேய் வேஸ்ட்” என்று இன்னொன்று. முதல் கையெழுத்து வாழைக்காய் மண்டிக்காரர் மகன் சேகருடையது. கூப்பிட்டுக் கண்ணை உருட்டினேன். அவன் அசரவேயில்லை.

“எழுதலைன்னா அடுத்தவன் ஏமாந்துடுவான் சார். நீங்களா வந்து சொல்லப் போறீங்க?”

பத்து நிமிஷத்தில் திரும்பியது

இந்தக் கூட்டத்தில் பத்மா என்று ஒரு பெண். ஏழாம் வகுப்பு. சமணக் குடும்பம்; பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும் என்பது வீட்டு வழக்கம். அதனால் ஒரு கண் புத்தகத்திலும் ஒரு கண் ஜன்னல் வெயிலிலுமாகப் படிப்பாள். வெயில் எதிர்ச் சுவரின் மேல்விளிம்புக்கு ஏறியதும் எழுந்துவிடுவாள். அவள் ‘நல்லா இருக்கு’ என்று எழுதிவிட்டால் அந்தப் புத்தகத்துக்கு அடிதடி நடக்கும். ‘பரவாயில்லை’ என்று எழுதினால் அது தூசி படிந்து கிடக்கும்.

நல்லொழுக்கக் கதைகள் என்று ஒரு புத்தகத்தை நானே சிபாரிசு செய்து அவளிடம் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் மேஜைக்கு வந்துவிட்டது. அதற்குள்ளேயா படித்துவிட்டாய் என்று கேட்டேன்.

“நாலு கதை படிச்சேன் சார். நாலுலயும் பசங்கதான் தப்பு பண்றாங்க. பெரியவங்க ஒருத்தர்கூடப் பண்ணல. நம்புற மாதிரியே இல்ல சார்.”

நான் மறைத்த விஷயம்

இனி மறைப்பானேன். நானும் சிறுவர்களுக்கு ஒரு கதைப் புத்தகம் எழுதியிருந்தேன். சர்க்கார் உத்தியோகஸ்தன் புத்தகம் போட அனுமதி கேட்டு மேலே எழுதிப்போட்டால் பதில் வருவதற்குள் கதையே மறந்துவிடும் என்று வேறு பெயரில் அச்சிட்டாயிற்று. கார்த்திகை தீபம் முடிந்து பல நாள் கழித்தும் மலையில் ராத்திரி ஒரு வெளிச்சம் தெரிய, நான்கு பிள்ளைகள் தேடிப் போவதுதான் கதை. விளக்கேற்றியது ஒரு அம்மாள் என்று கண்டுபிடிப்பார்கள். ஏன் ஏற்றினாள் என்று சொல்லாமல் முடித்திருந்தேன். அப்படி முடிப்பதுதான் பெரிய எழுத்து என்று ஒரு நினைப்பு.

வேலூர்த் தலைமை நூலகத்திலிருந்து வந்த புத்தக மூட்டையில் அதன் பிரதி ஒன்றும் வந்தது. பிள்ளைகளின் கைக்கு எட்டும் தட்டில் வைத்தேன். தினமும் சாயங்காலம் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். காலி. யாராவது ஒரு வரி, திட்டியாவது ஒரு வரி எழுதமாட்டார்களா என்று மனசு கிடந்து ஏங்கும். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லிக்கொள்ள முடியாத ஏக்கம்.

முதல் அபிப்பிராயம் வாய்மொழியாக வந்தது. அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து நடந்து வரும் ஏழுமலை, லீவு நாளில் மலைச் சரிவில் ஆடு மேய்ப்பவன். நானோ நூலக ஏணியில் மூன்றாம் படிக்கே தலைசுற்றுகிறவன். அவன் மேஜையில் என் புத்தகத்தை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னான்.

“இதை எழுதினவரு மலையைக் கீழ நின்னு பார்த்தவரு சார். ஏறினதே இல்ல.”

ரப்பர் நாள்

ஏழுமலை சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்ட பத்மா, “அப்படியா? கொடு பாப்போம்” என்று அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு வாரம் வைத்திருந்தாள். மறுபடியும் ஒரு வாரம் கேட்டு வாங்கினாள். பரீட்சை எழுதிய மாணவன்கூட என்னைப் போலத் தவித்திருக்க மாட்டான்.

அவள் திருப்பிக் கொடுத்த அன்று பார்த்து நான் வேலூரில் மீட்டிங்கில் இருந்தேன். வாங்கி வைத்தவர் எங்கள் உதவியாளர் முனுசாமி. மறுநாள் காலையில் நான் வந்ததும், “மதியம் ஆபீசர் தணிக்கைக்கு வர்றாராம் சார்” என்றார். அலறியடித்து ஆளுக்கொரு ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். தணிக்கைக்கு முன்னால் கடைசிப் பக்கங்களை வெளுப்பது எங்கள் வருஷாந்திரச் சடங்கு. படிக்க ஆரம்பித்தால் வேலை ஓடாது என்பதால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தேய்ப்பேன். அப்படியே தேய்த்துக்கொண்டு போனேன். ஒரு புத்தகம் முழுப் பக்க எழுத்தாக இருந்தது. கை வலிக்க அழித்தேன். மூடி அடுக்கும்போது அட்டையின் நிறம் கண்ணில் பட்டது. என் புத்தகம்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினேன். வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். பென்சில் அழுத்திய பள்ளத்தில் ஒரே ஒரு சொல்தான் பிடிபட்டது: ‘ஆனா’. அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன, தெரியவில்லை. அவளையே கேட்கலாம் என்று காத்திருந்தால், அப்பாவுக்குத் திண்டிவனத்துக்கு மாற்றலாகிக் குடும்பமே போய்விட்டதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். அதற்குப் பிறகு எழுத உட்கார்ந்தால் அந்த ‘ஆனா’தான் முதலில் வந்து நிற்கும். பேனாவை மூடிவிடுவேன்.

தணிக்கைக்கு வந்தவர் பத்துப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து மகிழ்ந்துபோனார்.

“உங்க ஊர்ப் பசங்க புத்தகத்தை எவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க!”

பொழுது சாய்வதற்குள்

பன்னிரண்டு பதிமூன்று வருஷம் கழித்து ஒரு சாயங்காலம், தோளில் பையோடு ஒரு இளம்பெண் படியேறி வந்தாள். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வந்தவளாம். “என்னைத் தெரியுதா சார்?” என்று கேட்டுக்கொண்டே ஜன்னல் வெயிலை ஒரு பார்வை பார்த்தாள். தெரிந்துவிட்டது. பத்மா!

குழந்தைகள் அலமாரிக்கு நேராகப் போய், நைந்துபோன அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். “அழிச்சிட்டீங்களா சார்?” என்றாள். தணிக்கை என்று இழுத்தேன். அப்படி என்னம்மா எழுதியிருந்தே என்று கேட்டேன்.

“ரொம்பப் பிடிச்சிருக்கு, ஆனா அந்த அம்மா ஏன் விளக்கு ஏத்தினாங்கன்னு சொல்லவே இல்லையே, அடுத்த புத்தகத்துல கட்டாயம் சொல்லுங்கன்னு எழுதினேன் சார். அவங்க யாருக்காக ஏத்தியிருப்பாங்கன்னு நானே அஞ்சாறு காரணம் யோசிச்சுப் பக்கம் பூரா எழுதி வச்சேன். போன ஊரு லைப்ரரியில எல்லாம் தேடிட்டேன். அவரு அடுத்தது எழுதவே இல்ல.”

நான்தான் அவர் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. பன்னிரண்டு வருஷமாக ஒரு வரிகூட எழுதாதவன் எந்த முகத்தோடு சொல்வது? எழுதினவருக்கே காரணம் தெரியாதோ என்னவோ என்று சமாளித்தேன். அவள் புத்தகத்தைப் பழைய தட்டிலேயே வைத்தாள். வெயில் எதிர்ச் சுவரில் ஏறிவிட்டிருந்தது. பையை மாட்டிக்கொண்டு படியில் கால் வைத்தவள் திரும்பிச் சொன்னாள்.

“தெரிஞ்சிருக்கும் சார். யாரும் கேக்கலைன்னு நெனச்சு விட்டுட்டாரு போல, பாவம்.”

இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் கற்றுக்கொண்டது, ரப்பரைக் கையில் எடுப்பதற்கு முன் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றுதான்.