விளக்கில்லாத கதை நேரம்

தீபாவளி சீசன் ஓய்ந்ததும், சாத்தூருக்குப் பக்கத்து ஊர் நூலகத்தைப் பார்த்துக்கொண்ட ஞானபூரணி, வாசல் கரும்பலகையில் மார்கழி நிகழ்ச்சிகளை எழுதிப்போட்டாள். காலையில் பிள்ளைகளுக்குப் படக்கதை, மத்தியானம் பெரியவர்களுக்குப் பத்திரிகை வாசிப்பு, அந்தியில் பெண்களுக்குக் கதை நேரம்.

பிள்ளைகள் சண்டை போட வந்தார்கள். பெரியவர்கள் குறட்டை விட வந்தார்கள். பட்டாசுக் கம்பெனியில் வேலை முடித்து வந்த பெண்கள் மட்டும் எதிர் வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டுப் போனார்கள். இந்த வாரமும் ஆள் சேராவிட்டால் கதை நேரத்தை நிறுத்திவிடச் சொல்லியிருந்தார் மேலதிகாரி. தன் குரல்தான் பிடிக்கவில்லையோ என்று ஞானபூரணி கண்ணாடி முன் நின்று வாசித்துக்கூடப் பார்த்தாள். கண்ணாடி ஒன்றும் குறை சொல்லவில்லை.

அன்றைக்கு மரத்தடிக்கே போய்க் கேட்டாள். "உள்ள வந்தா என்னக்கா?"

"எப்படித் தாயி வர?" என்றாள் அவர்களில் ஒருத்தியான அய்யம்மாள். "எங்க சேலை பூரா வெடிமருந்து. நீங்க அரிக்கேன் விளக்க வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீக. கிட்ட வந்தா கதை முடியுமுன்ன நாங்க புஸ்வாணமாயிருவோம்!"

ஞானபூரணி ஓடிப்போய் விளக்கை அணைத்தாள். பெண்கள் உள்ளே வந்து நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். புத்தகம் தெரியவில்லை; நினைவிலிருந்து சொன்னாள். ராஜகுமாரி கடற்கரைக்கு வந்ததும் மேற்கொண்டு மறந்துபோனது.

"ஏன் நிறுத்திட்டீக?" என்று இருட்டுக்குள் அய்யம்மாள் கேட்டாள். "ஒரு வாணத்துல ஏத்தி விடுங்க, அக்கரைக்குப் போகட்டும்."

ராஜகுமாரி பறந்தாள். ஜன்னல் வழியே விழுந்த நிலவில், அவர்கள் கைகளில் ஒட்டியிருந்த, பட்டாசில் சேர்க்கும் அலுமினியப் பொடி அலை அலையாக மினுங்கியது. கடல் அந்த அறைக்குள்தான் இருந்தது.

மறுநாள் கரும்பலகையில் ஒரு வரி கூடியிருந்தது: "அந்தியில் கதை நேரம். விளக்கு கிடையாது."