கைப்பிடியில் மாட்டிய மணி

என் வீட்டு வாசல் நிலையில் ஒரு மாட்டு மணி தொங்குகிறது. எங்கள் செவலைக் காளையின் கழுத்தில் கிடந்தது. மிராசுதார் நிலத்தைக் குத்தகைக்கு உழுதோம். கழக ஆட்சி வந்ததும் குத்தகையை எங்கள் பேரில் பதிந்துகொள்ளலாம் என்றார்கள். அதை நம்பி அப்பா மனுக் கொடுத்தார். அடுத்த நடவுக்கு மிராசுதார் எங்களை வயலில் இறங்கவிடவில்லை. காளையை விற்றோம். அண்ணன் மின்வாரியத்தில் லைன்மேன் வேலைக்குப் போனார். நான் சப்-ஸ்டேஷனைக் கூட்டிப் பெருக்கப் போனேன்.

அங்கே ஆப்பரேட்டர் அய்யா இருந்தார். அந்த அறையில் டிரான்ஸ்பார்மர் எண்ணெய் சூடானாலும் லைன் போனாலும் ஒரே பஸ்ஸர்தான் அலறும். கேட்டுக் கேட்டுக் காது மரத்து, போர்டைப் பார்க்காமலே அமர்த்திவிடுவார்கள். "கம்பத்துல ஆள் இருக்கான்னு சொல்ற சத்தம், இந்த ரூம்ல வேற எதுக்கும் கேக்கக் கூடாதும்மா" என்று அய்யா தவித்தார். சைக்கிள் பெல் வைத்துப் பார்த்தார்; எல்லாரும் வாசலை எட்டிப் பார்த்தார்கள். மறுநாள் நான் காளை மணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். அதுமுதல் எந்த லைனில் ஆள் ஏறினாலும் அந்த லைனுக்குக் கரண்டு விடும் கைப்பிடியில் அதைக் கட்டிவிடுவார். யார் தொட்டாலும் குலுங்கும்.

ஒரு குறுவையில், பம்புசெட் ஓடவில்லை என்று மிராசுதார் நேரே உள்ளே வந்தார். அய்யா வெளியே யார்டில் இருந்தார். "பயிர் காயுது, இவனுங்களுக்கு என்ன" என்று, எங்கள் ஊர்ப் பெயர் எழுதிய கைப்பிடியைப் பிடித்தார். அந்த லைனில்தான் அண்ணன் ஏறியிருந்தார். மணி குலுங்கியது. மிராசுதார் முன்னால் எங்கள் வீட்டு ஆண்கள் தோளில் துண்டோடு நின்றதில்லை. நான் நிமிர்ந்து பார்த்ததுகூட இல்லை. துடைப்பத்தைப் போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்தேன்.

"கூட்டிப் பெருக்குறவ, என் கையத் தொடுறியா?"

"தொட்டுட்டேன். மேல எங்க அண்ணன் இருக்காரு. விடுங்க."

மணிச் சத்தத்துக்கு அய்யா ஓடிவந்தார். "அவ புடிச்சதோட போச்சு. நானா இருந்தா கைய உடைச்சிருப்பேன். வெளிய போங்க" என்றார்.

மாட்டு மணியெல்லாம் இங்கே கூடாது என்று உத்தரவு வந்தது. பின்னாலேயே அய்யாவுக்கு மாற்றலும் வந்தது. போகிற அன்று அவர் மணியின் வளையத்தில் செப்புக் கம்பியால் ஒரு கொக்கி முறுக்கினார். "இனிமே நீயே மாட்டும்மா. யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

"நான்தான் மாட்டுனேன்னு சொல்றேன் அய்யா."

வேலையில் இருந்தவரைக்கும் மாட்டினேன். கேட்டவர்களுக்கு அப்படியே சொன்னேன். அண்ணன் வயதாகி, வீட்டுக் கட்டிலில்தான் செத்தார்.

இப்போது அங்கே கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தமாம். நல்லதுதான். மணி அதே கொக்கியில் என் வீட்டு நிலையில் இருக்கிறது. வருகிறவர்கள் தலையில் இடிக்கிறது, குலுங்குகிறது. "கழட்டிடுங்க அத்தை" என்கிறாள் மருமகள்.

மாட்டேன்.